பிரேக் அக்காவின் வண்டி

எங்கள் அக்காவை இந்தத் தெருவில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பிரேக் அக்கா. அவளிடம் கார் ஓட்டக் கற்றுக்கொண்டு போனவர்கள் வைத்த பட்டம் அது. பயிற்சி வண்டியில் பக்கத்து சீட்டுக்காரர் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும், பார்த்திருப்பீர்கள். கற்றுக்கொள்கிறவர் எக்குத்தப்பாக ஏதாவது செய்தால் அமுக்குவதற்கு. மற்ற பள்ளிகளில் அதை ஆபத்து வந்தால் அமுக்குவார்கள். எங்கள் அக்கா, ஆபத்து வரலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே அமுக்கிவிடுவாள். தூரத்தில் ஒரு நாய் எழுந்து சோம்பல் முறித்தால் போதும், வண்டி நின்றுவிடும்.

வீட்டிலும் அதே கதைதான். பால் பொங்குவதற்கு முன்னாலேயே அடுப்பை அணைத்துவிடுவாள். நான் ஒரு பேச்சை ஆரம்பித்தால் அவள்தான் முடிப்பாள், அதுவும் நான் சொல்ல வந்ததாக இருக்காது. அத்தான் தையல்கடை வைத்திருக்கிறார். நாள் முழுக்கக் கத்திரிக்கோலைப் பிடிக்கிற மனுஷன், வீட்டுக்கு வந்து ஒரு வெங்காயத்தை நறுக்க எடுத்தால், "கையை வெட்டிக்காதீங்க" என்று பிடுங்கிக்கொள்வாள். அவரும் கொடுத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொள்வார். அவருக்கென்ன, வேலை மிச்சம்.

சும்மா சொல்லக்கூடாது, தொழிலில் அவள் கெட்டிக்காரி. பள்ளிக்கூட வேன் ஓட்டிக்கொண்டிருந்தவள், பழைய வெள்ளைக் கார் ஒன்றை வாங்கி, முட்டுச்சந்தில் ஒரு ஷெட்டை வாடகைக்குப் பிடித்து, தனி ஆளாகப் பயிற்சிப் பள்ளி ஆரம்பித்தாள். ஒரு பொம்பளை சொல்லிக்கொடுக்கிறாள் என்று சிரித்தவர்களே பிறகு மனைவியையும் மருமகளையும் கூட்டிவந்து சேர்த்தார்கள். இத்தனை வருஷத்தில் வண்டியில் ஒரு கீறல் கிடையாது. அதற்கு விலையாகச் சாயங்காலம் ஆனால் கெண்டைக்கால் வீங்கிப்போய், சுவரில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு படுத்திருப்பாள்.

நான் அவளுடைய ஒரே தங்கை. என் கல்யாணம் முறிந்த பிறகு அவள் வீட்டு மாடி அறைக்கு வந்தேன். "கொஞ்ச நாள் இருந்துட்டுப் போ" என்றாள். நான் போகப் பார்த்த போதெல்லாம், "இப்ப என்ன அவசரம்" என்றாள். பள்ளியில் போன் எடுப்பதும் யாருக்கு எந்த நேரம் என்று சொல்வதும் என் வேலை. ரத்தப் பரிசோதனைக்குப் படித்தவள் நான். ஊசியை நரம்பில் பார்த்துக் குத்தத் தெரிந்தவள், "அக்கா வண்டியில இருக்காங்க, அப்புறம் கூப்பிடுங்க" என்று சொல்லியே காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் ஒரு பரிசோதனைக் கூடத்தில் ஆள் கேட்டார்கள். வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து வரவேண்டும். வண்டி அவர்களுடையது, ஓட்டுவது நாமே. கூடத்தின் மேலேயே தங்க ஒரு அறையும் சமையலிடமும். நான் ஊசி குத்துகிற பக்குவத்தைப் பார்த்துவிட்டு, கூடத்தை நடத்துகிற அம்மாவுக்குப் பிடித்துப்போய்விட்டது. "லைசென்ஸ் எடுத்துட்டு வாம்மா. இந்த மாசம் முடிஞ்சு வர்ற திங்கட்கிழமை வரைக்கும் வச்சிருக்கேன். அதுக்கு மேல என்னால முடியாது" என்றார்கள். எனக்கென்று ஒரு கதவு, அதற்கு ஒரு சாவி. அதை நினைத்தாலே எனக்குத் தூக்கம் வராது.

ஆனால் லைசென்ஸ் கிடைத்தால்தானே. ஏற்கெனவே ரெண்டு தடவை போய்த் தோற்றிருந்தேன். ரெண்டு தடவையும் ஒரே காரணம். மைதானத்தில் வெள்ளைக் கோடு போட்டிருப்பார்கள், அதற்கு முன்னால் நிறுத்தவேண்டும். வகுப்பில் கத்தி வைத்து வெட்டினமாதிரி நிறுத்துகிறவள், சோதனை அதிகாரி பக்கத்தில் உட்கார்ந்தால் கோட்டைத் தாண்டிப் போய் நிற்பேன். "உனக்குப் பயம்டி, வேற ஒண்ணுமில்லை" என்றாள் அக்கா. நானும் அதையே நம்பினேன். மூணாவது தடவைக்கு நாள் கொடுத்திருந்தார்கள், அந்தத் திங்கட்கிழமைக்கு முந்தின வெள்ளி. இது போனால் அடுத்த நாள் கிடைக்கவே மாதக்கணக்காகும்.

இந்த நேரம் பார்த்துத்தான் அந்தப் பாழாய்ப்போன பேட்டரி எங்கள் உயிரை வாங்க ஆரம்பித்தது.

முதல் நாள் காலை அக்கா சாவியைத் திருப்பினாள். டக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். விளக்கு எரியவில்லை, ஹாரன் அடிக்கவில்லை. முதல் வகுப்புக்கு வந்திருந்தவர் ஒரு வங்கி மேனேஜர். இஸ்திரி போட்ட சட்டையும் டையுமாக, பாவம், சந்து முனை வரைக்கும் வண்டியைத் தள்ளினார். "ஓட்டக் கத்துக்கத்தான் சேர்ந்தேன்" என்று மூச்சு வாங்கினார். "எல்லாம் தெரிஞ்சுக்கணும்" என்றாள் அக்கா, கொஞ்சமும் கூசாமல்.

மறுநாளும் அப்படியே. பேட்டரி பழசாகிவிட்டது என்று புதுசு வாங்கி மாட்டினோம். ரெண்டு நாள் ஜம்மென்று கிளம்பியது. நிம்மதி என்று நினைத்தேன். அதற்கடுத்த நாள் காலை மறுபடி டக். பேட்டரிக் கடைக்காரரிடம் நான் சண்டைக்குப் போனேன். அவர் பேட்டரியை ஒரு கருவியில் வைத்துக் காட்டினார். "இது நல்லாத்தான் இருக்கு. உங்க வண்டியில ஏதோ ஒண்ணு ராத்திரி பூரா கரண்டைக் குடிக்குது. அதைக் கண்டுபிடிங்க, என்னைக் கேட்காதீங்க" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தக் கருவியையே உடைத்திருப்பேன். ஆனால் மனுஷன் சொன்னது நியாயம்.

கண்டுபிடிக்கக் கிளம்பினாள் அக்கா. டைனமோ சரியாகச் சார்ஜ் பண்ணுகிறதா என்று பார்த்தோம், பண்ணியது. ரேடியோவைப் பிடுங்கி எறிந்தாள். டிக்கிக்குள் எரிகிற சின்ன பல்பைக் கழற்றினாள். ஹாரன் ஒயரைக் கூடக் கழற்றிவிட்டுப் பார்த்தாள். அன்றைக்கெல்லாம் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "வழி விடுங்க, வழி விடுங்க" என்று கத்திக்கொண்டே வகுப்பு எடுத்தாள். மறுநாள் காலை வண்டி பிணமாகக் கிடந்தது. அக்காவுக்குத் தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

சாயங்காலமானால் பேட்டரி ஒயரைக் கழற்றிவிடுவது என்று அடுத்த ஏற்பாடு. அது வேலை செய்தது. ஆனால் தினமும் கழற்றி மாட்டி, கழற்றி மாட்டி, அந்தக் கவ்வி தேய்ந்து லொடலொடவென்று ஆகிவிட்டது. ஒருநாள் நாலு ரோடு சேருமிடத்தில், கல்லூரிப் பெண் ஒருத்தி ஓட்டிக்கொண்டிருக்கும்போது, ஒயர் தானாகக் கழன்று வண்டி நடுவில் செத்துப்போனது. நாலு பக்கமும் ஹாரன். அந்தப் பெண் அழுதேவிட்டாள். "இந்த வித்தை இனிமே வேண்டாம்" என்று அக்கா புதுக் கவ்வி போட்டு இறுக்கிவிட்டாள்.

ஹாரன் என்றதும் ஞாபகம் வருகிறது. அந்த நாட்களில் ரோட்டில் எங்கள் பின்னால் வந்தவர்களெல்லாம் எங்களைத் திட்டிக்கொண்டேதான் வந்தார்கள். ஒரு பைக்காரர் பக்கத்தில் வந்து பின்னால் கையைக் காட்டி ஏதோ சொன்னார். கண்ணாடியை இறக்கி, "நீங்க அம்மா வயித்துலேர்ந்தே ஓட்டிக்கிட்டு வந்தீங்களா? நீங்களும் கத்துக்கிட்டுத்தானே வந்தீங்க?" என்று ஒரு பிடி பிடித்தாள் அக்கா. மனுஷன் தலையில் அடித்துக்கொண்டு போனார். பயிற்சி வண்டி என்றாலே எல்லாருக்கும் இளக்காரம் என்று நானும் கூடச் சேர்ந்து புலம்பினேன்.

கடைசியில் எலெக்ட்ரீஷியனிடம் போனோம். ஊரிலேயே கார் ஒயரிங்கில் பெரிய ஆள் என்று பேர். அக்கா தானே ஓட்டிக்கொண்டுபோய் விட்டாள். ராத்திரி அவருடைய பட்டறையிலேயே வண்டி கிடந்தது. மீட்டரை மாட்டி, ஒவ்வொரு ஃப்யூஸாகப் பிடுங்கிப் பார்த்திருக்கிறார். முள் அசையவே இல்லை. காலையில் நாங்கள் போனபோது ஒரே திருப்பலில் வண்டி கிளம்பியது. வண்டியைப் பார்த்து எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றியது. நம்மிடம் மட்டும் சாகிறது, அடுத்தவனிடம் போனால் குதிரை மாதிரி நிற்கிறது.

"வண்டியில ஒண்ணுமில்லை. வீட்டுல யாரோ எதையோ போட்டுட்டு அணைக்க மறந்துடறீங்க" என்றார் எலெக்ட்ரீஷியன்.

அந்த ஒரு வார்த்தை எங்கள் வீட்டைக் கெடுத்தது. அக்கா முதலில் அத்தானைப் பிடித்தாள். ஷெட்டில் போய் உட்கார்ந்து கிரிக்கெட் கேட்கிறீர்களா என்று. "ரேடியோவைத்தான் நீ பிடுங்கிட்டியே, நான் என்ன வாயால பாடிக் கேட்டேனா?" என்றார் அவர். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"நீதான் வண்டிக்குள்ள உட்கார்ந்து அந்த லேப் புஸ்தகத்தைப் படிக்கிறே. உள் விளக்கை அணைக்காம வந்திருப்பே."

"அணைச்சேன்."

"அணைச்சதா நினைச்சிருப்பே."

"அக்கா, நான் என்ன சின்னப் பிள்ளையா?"

"சாவியை இப்படிக் கொடு. இனிமே நீ தனியா வண்டிகிட்ட போகவேண்டாம்."

கொடுத்தேன். வேறென்ன செய்வது, வண்டி அவளுடையது, வீடு அவளுடையது. மாடிக்குப் போய்த் தலையணையில் குத்தினேன். எனக்கு இந்த வேலை கிடைக்கக்கூடாது என்றே வண்டி சாகிறதோ என்று ஒரு கோணல் புத்தி. அதைவிட மோசமாக, அக்காவே ஏதாவது செய்கிறாளோ என்று கூட ஒரு நிமிஷம் நினைத்தேன். நினைத்துவிட்டு என்னையே திட்டிக்கொண்டேன்.

இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், பள்ளிக்கு லீவு விட்ட மறுநாள் மட்டும் வண்டி ஒழுங்காகக் கிளம்பும். "அதுக்கும் ஓய்வு வேணுமில்லையா" என்பார் அத்தான். நாங்கள் ரெண்டு பேரும் அவரை முறைப்போம். அவர் சொன்னதைக் கொஞ்சம் யோசித்திருந்தால் அத்தனை அலைச்சலும் மிச்சமாகியிருக்கும்.

சோதனைக்கு முந்தின நாள் வந்தது. அன்றைக்குக் கடைசி வகுப்பு என்னுடையது. வழக்கம்போல அக்கா பக்கத்தில், நான் ஓட்டினேன். கோட்டில் கச்சிதமாக நிறுத்தினேன். "நாளைக்கும் இப்படி நிறுத்து" என்றாள். ஷெட்டுக்குள் பின்பக்கமாகவே வண்டியை விடவேண்டும் என்பது அவள் சட்டம். கடைசி வகுப்புக்காரர் யாராக இருந்தாலும் அந்த இடுக்கில் ரிவர்ஸ் எடுத்து, பின்பக்கச் சுவரை ஒட்டி நிறுத்தவேண்டும். வண்டி நின்றதும் அக்கா தன் பக்கத்துப் பிரேக்கைப் பலமாக அமுக்கிக்கொள்வாள். கைபிரேக்கை அவள் நம்பமாட்டாள். இன்ஜின் நின்று, சாவி அவள் கைக்கு வந்த பிறகுதான் காலை எடுப்பாள். அன்றைக்கும் அப்படியே நடந்தது. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, கால் வலிக்கிறது என்று வீட்டுக்குப் போய்விட்டாள்.

என் தண்ணீர் பாட்டில் சீட்டுக்கடியில் போய்விட்டது ஞாபகம் வந்தது. தனியாகப் போகக்கூடாது என்று உத்தரவு. போடி என்று நினைத்துக்கொண்டு ஷட்டருக்கடியில் குனிந்து உள்ளே போனேன். உள்ளே இருட்டு. வண்டியின் பின்னால் சுவர் மட்டும் சிவப்பாகத் தெரிந்தது. தீப்பிடித்துவிட்டது என்றே நினைத்தேன். பக்கவாட்டில் ஒடுங்கிப் பின்னால் போய்ப் பார்த்தால், பிரேக் விளக்கு ரெண்டும் எரிந்துகொண்டிருந்தது. வண்டியில் யாருமில்லை. சாவியும் இல்லை. பிரேக் மிதிபட்டமாதிரி விளக்கு எரிகிறது.

முன்னால் வந்து கதவைத் திறந்து, ஓட்டுகிறவர் பக்கத்துப் பிரேக்கைக் கையால் தொட்டுப் பார்த்தேன். கொஞ்சம் இறங்கியிருந்தது. அக்கா பக்கத்து மிதியைப் பார்த்தேன். அதுவும் ஒரு விரல் அளவு முன்னால் சாய்ந்து நின்றது. ரெண்டு மிதியையும் ஒரு கேபிள் இணைக்கிறது. அவள் அமுக்கினால் அது இழுக்கப்பட்டு இதுவும் இறங்கும். அமுக்கி அமுக்கி அந்தக் கேபிள் பிசிறடித்துப் போயிருக்கிறது. பலமாக மிதித்துவிட்டு விட்டால் முழுசாகத் திரும்பி வருவதில்லை. கையால் பிடித்து இழுத்தேன், டக்கென்று மேலே வந்தது. பின்சுவர் இருண்டது. மறுபடி அக்கா மாதிரியே பலமாக அமுக்கிவிட்டு விட்டேன். சுவர் சிவந்தது.

எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. ராத்திரி பூரா கரண்டைக் குடித்தது இதுதான். எலெக்ட்ரீஷியனிடம் அவள் தானே ஓட்டிப்போனாள், பக்கத்து பிரேக்கைத் தொட ஆளில்லை, அதனால் அங்கே ஒன்றுமில்லை. லீவு நாளிலும் அதே. ரோட்டில் கத்தினவர்களெல்லாம் பாவம், "பிரேக் விளக்கு எரிஞ்சுகிட்டே இருக்கு" என்று சொல்லத்தான் கத்தியிருக்கிறார்கள்.

சந்தோஷமாக வெளியே ஓட எழுந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அக்கா அமுக்கினால் என் காலுக்கடியில் இருக்கிற பிரேக்கும் இறங்கும். நான் அமுக்குவதாக நினைத்து என் காலும் கூடவே இறங்கும். அப்படியென்றால் இத்தனை மாதமாகக் கோட்டில் கச்சிதமாக நிறுத்தியது யார்?

வீட்டில் அக்கா சுவரில் காலைத் தூக்கிவைத்துப் படுத்திருந்தாள். அத்தான் பக்கத்தில் ஒரு சட்டைக்குப் பித்தான் தைத்துக்கொண்டிருந்தார்.

"பேட்டரி ஏன் சாகுதுன்னு கண்டுபிடிச்சிட்டேன்" என்றேன்.

"நீயா?" என்றாள்.

"உன் காலாலதான் சாகுது."

எழுந்து வந்தாள். காட்டினேன். அமுக்கி, விட்டு, சுவரைக் காட்டி, கையால் இழுத்து, மறுபடி அமுக்கி. அவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. சொன்னது நானாக இல்லாமல் இருந்திருந்தால் கொஞ்சம் நிம்மதிப்பட்டிருப்பாள்.

"சரி, கேபிளுக்குக் கொஞ்சம் எண்ணெய் விட்டா போதும்."

"எண்ணெய் இருக்கட்டும். நான் கிளாஸ்ல சரியா நிறுத்தறேன், டெஸ்ட்ல மட்டும் தாண்டறேன். ஏன்க்கா?"

அவள் குனிந்து தன் பக்கத்து மிதியைக் கையால் இழுத்துப் பார்த்தாள்.

"பயம்னு சொன்னே. நான் எத்தனை நாள் ராத்திரி உட்கார்ந்து என்னையே திட்டியிருப்பேன் தெரியுமா? எனக்குப் பயமில்லைக்கா. எனக்குப் பிரேக் பிடிக்கவே தெரியாது. நீ பிடிக்க விட்டதே இல்லை."

"உன் நல்லதுக்குத்தானே பிடிச்சேன்."

"கேபிளைக் கழட்டு."

"பைத்தியமா பிடிச்சிருக்கு உனக்கு? நாளைக்கு டெஸ்ட்டை வச்சுகிட்டு?"

"நாளைக்கு டெஸ்ட்டுங்கறதாலதான் கழட்டச் சொல்றேன். வெளிச்சம் இருக்கு, இப்பவே ரோட்டுக்குப் போகணும்."

அத்தான் எப்போது வந்தாரோ, கையில் ஸ்பானரோடு நின்றார். "கழட்டறதுன்னா நான் கழட்டறேன். தையல் பிரிக்கிறதுதான் என் தொழிலே" என்றார். அக்கா அவரைப் பார்த்த பார்வையில் இன்னொருவராக இருந்தால் ஓடியிருப்பார். அவர் சாவதானமாகச் சீட்டுக்கடியில் தலையை விட்டார்.

"வேண்டாம்டி" என்றாள் அக்கா. குரலே மாறிப்போயிருந்தது. "ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்? பக்கத்துல சும்மா உட்கார்ந்து பார்க்கச் சொல்றியா?"

"ஆமாம். சும்மா உட்காரு. அதைத்தான் கேட்கறேன்."

முகத்தைத் திருப்பிக்கொண்டு வண்டியில் ஏறினாள். சந்தைத் தாண்டி, ஆளில்லாத கிடங்கு ரோட்டுக்குப் போனோம். முதல் வேகத்தடையில் நான் பிரேக்கைத் தொட்டேன், வண்டி அதுபாட்டுக்குப் போய் ஏறிக் குதித்தது, ரெண்டு பேர் தலையும் கூரையில் இடித்தது. அக்காவின் கால் செத்த மிதியைத் தொபக் தொபக்கென்று அமுக்கிக்கொண்டிருந்தது. அடுத்ததில் பயந்துபோய் ஓங்கி மிதித்தேன், வண்டி முகம் குப்புற விழப்போனது. ரோடு முடிகிற இடத்தில் கோடு போட்டிருந்தார்கள். ஒரு தடவை ஒரு வண்டி நீளம் தாண்டினேன். ஒரு தடவை எட்ட முன்னாலேயே நின்றேன். ஓட்டத் தெரியும் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேனே என்று எனக்கு அவமானமாக இருந்தது. திரும்பத் திரும்ப, திரும்பத் திரும்பப் போய் அந்தக் கோட்டில் நிறுத்தினேன். அக்கா கதவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உதட்டைக் கடித்தபடி இருந்தாள். அவள் வாயைத் திறக்காமல் இருந்ததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். விளக்குப் போடுகிற நேரத்தில் திரும்பினோம். பத்துக்கு ஏழெட்டு தடவை சரியாக வந்துகொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை காலை சாவியைத் திருப்பினேன். உடனே கிளம்பியது. மைதானம் வரைக்கும் நானே ஓட்டினேன், அக்கா பக்கத்தில்.

என்னை ரெண்டு தடவை தோற்கடித்த அதே அதிகாரிதான். ஏறி உட்கார்ந்தார். பழக்கத்தில் காலடி மிதியை ஒரு தடவை அமுக்கிப் பார்த்தார். அது தரையில் போய் விழுந்தது.

"என்னம்மா இது, இந்தப் பக்கம் பிரேக்கே இல்லை?"

வேலிக்குப் பக்கத்தில் நின்றிருந்த அக்கா வேகமாக வந்தாள்.

"கழட்டிட்டோம் சார்."

"பயிற்சி வண்டின்னா ரெண்டு பக்கமும் பிரேக் இருக்கணும். சரி பண்ணிட்டு இன்னொரு நாள் வாங்க" என்று கதவைத் திறந்தார்.

இன்னொரு நாள் என்றால் அந்த அறை வேறு யாருக்கோ போய்விடும். நான் அக்காவைப் பார்க்கவில்லை. அவள் என்ன சொல்லுவாள் என்று எனக்குத் தெரியும். சரிங்க சார் என்பாள், என்ன அவசரம் என்பாள், வாடி வீட்டுக்குப் போகலாம் என்பாள். பிறந்ததிலிருந்து கேட்டதுதானே.

"சொந்த வண்டியில வர்றவங்களுக்கு ஒரு பிரேக்தானே சார் இருக்கு. அதுல ஏறறீங்க இல்லையா?" என்றாள்.

"அது சொந்த வண்டிம்மா."

"இதுவும் என் சொந்த வண்டிதான். பலகையை மாட்டினாத்தான் பயிற்சி வண்டி." சொல்லிக்கொண்டே எம்பிக் கூரைமேல் இருந்த பள்ளிப் பலகையின் திருகுகளைத் திருக ஆரம்பித்துவிட்டாள். நகம் பெயர்ந்தது. கவனிக்கவே இல்லை. பலகையைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டாள்.

அதிகாரிக்குச் சிரிப்பா கோபமா என்று அவருக்கே தெரியவில்லை. "ரெண்டு தடவை கோட்டைத் தாண்டின பொண்ணு இது. பிரேக் இல்லாத இந்த சீட்டுல நீங்க உட்காருவீங்களா?"

"வீட்டுலேர்ந்து இங்க வரைக்கும் அதுலதான் சார் உட்கார்ந்து வந்தேன். நீங்க தைரியமா உட்காருங்க. அவ நிறுத்துவா."

என்னைப் பற்றி அவள் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தையை நான் கேட்டதே கிடையாது. அதை அவள் என்னிடம் சொல்லவில்லை, யாரோ ஒரு அந்நியரிடம், சண்டை போடுகிற குரலில் சொன்னாள். அழக்கூடாது, கண் மறைக்கும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அவர் ஒரு பெருமூச்சு விட்டு, பெல்ட்டை மாட்டிக்கொண்டார். "ம், எடும்மா."

எடுத்தேன். வளைவுகளில் திருப்பினேன், ரிவர்ஸ் போனேன். கடைசியில் அந்த வெள்ளைக் கோடு வந்தது. பக்கத்தில் யார் காலும் அசையவில்லை. என் கால் இறங்கியது, வண்டி குறைந்தது, குறைந்தது, நின்றது. அதிகாரி கண்ணாடி வழியாகக் கீழே எட்டிப் பார்த்தார். "மத்தியானம் வந்து வாங்கிக்கோங்க" என்று சொல்லிவிட்டு இறங்கி, அடுத்த வண்டியைப் பார்க்கப் போனார்.

நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தேன். அக்கா பலகையைத் தூக்கிக்கொண்டு மைதானத்தின் குறுக்கே நடந்து வந்தாள், காலைக் கொஞ்சம் நொண்டியபடி. என் முகத்தைப் பார்க்கவில்லை. வண்டிக்கு முன்னால் போய் நின்று, குனிந்து, சக்கரத்துக்கும் கோட்டுக்கும் நடுவில் இருந்த ஒரு சாண் இடத்தை வெகுநேரம் பார்த்தாள்.

"இன்னும் கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாம்" என்றாள்.